மெடலின் விளிம்பில் இருக்கிற பெயர்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தான். உள்ளே கறுத்துப்போன ஒரு வெள்ளி மெடல். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரை மேல் துணியில்லாத ஒரு வீரன், 1914, 1918 என்று இரண்டு ஆண்டுகள்.

"அண்ணே, எங்க பூட்டன் பட்டாளத்துல இருந்தாவளாம். ஆச்சி சொல்லிச்சு. கிளாஸ்ல சொன்னா சிரிக்கானுவ. 'ஒங்க ஆளுவளுக்கு ஏதுல பட்டாளம்? வாள் புடிச்ச வம்சம் நாங்கல்லா'ங்கான்."

விளிம்பைத் துடைத்துப் பார்த்தோம். ஓர் எண், சிப்பாய் என்ற சொல், ஒரு பெயர், பிறகு 63 என்ற எண்ணும் எல்.ஐ. என்ற இரண்டு எழுத்துகளும். அவன் வகுப்பில் சிரித்தவர்களுக்கு எழுத்தில் பதில் அங்கேயே இருந்தது. ஆச்சி பொய் சொல்லவில்லை.

63 எல்.ஐ. என்றால் 63வது பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி. நம் பாளையங்கோட்டையின் பெயரைச் சுமந்த காலாட்படை. 1759இல் கம்பெனி திரட்டிய பழைய மெட்ராஸ் பட்டாளங்களில் ஒன்று. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் அதை இறக்கினார்கள். எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படை. இடையில் புதர்க்காட்டிலிருந்து கலைந்து வந்த தேனீக்கள் வேறு. சண்டை தோற்றது. தோல்விக்கான பழியைத் திட்டம் போட்ட தளபதிகளைவிடச் சிப்பாய்கள் தலையில்தான் அதிகம் கட்டினார்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய படை இந்துமாக்கடலைத் தாண்டிப் போய் அடிபட்ட கதை, தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிலிட்டரி லைன் என்று தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அங்கே எந்த மிலிட்டரி இருந்தது என்று யாராவது சொல்லித்தந்தார்களா?

இந்தப் பதிவு அந்தத் தம்பிக்காக எழுதியது. அவனைப் போல வீட்டில் ஒரு மெடலோ, ஒரு பித்தளைப் பொத்தானோ, "எங்க தாத்தா பட்டாளத்துக்காரர்" என்ற ஒற்றை வாக்கியமோ வைத்திருக்கிற எல்லாருக்காகவும் எழுதியது.

வெள்ளைக்காரன் தன் தாத்தாவை எப்படித் தேடுகிறான்?

இங்கிலாந்தில் 1757இல் ஒரு மிலிஷியா சட்டம் வந்தது. ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்குவார்கள். அதற்காக ஒவ்வொரு ஊரிலும் வயதுக்கு வந்த ஆண்களின் பெயரை எழுதினார்கள். பிறகு மிலிஷியாவில் சேர்ந்தவனிடம் வாங்கிய உறுதிமொழித் தாள்கள், 1806 முதல் 1915 வரையிலானவை, லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் WO 96 என்ற வரிசையில் — நம் எழுத்தில் டபிள்யூ.ஓ. 96 — இருக்கின்றன. அவன் எந்த ஊரில் பிறந்தான், என்ன வேலை செய்தான், எவ்வளவு உயரம், கண் என்ன நிறம், முடி என்ன நிறம் என்பதெல்லாம் அந்தத் தாளில் உண்டு. ஒரு கூலி விவசாயியின் பேரன் இன்று வீட்டில் உட்கார்ந்தபடி தன் பூட்டனின் கண் நிறத்தைத் தெரிந்துகொள்கிறான்.

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மெட்ராஸ் மாகாணத்து ஆலயப் பதிவுகளின் நகல்களும் அங்கே உண்டு. 1998இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவுகிறார்கள். ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி 1905இல் மெட்ராஸ் மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தடித்த புத்தகமே போட்டுவிட்டார். பாஞ்சாலங்குறிச்சியில் செத்த வெள்ளை அதிகாரிக்குக் கல்லும் உண்டு, கல்லில் பெயரும் உண்டு, அந்தப் பெயரை எழுதிய புத்தகமும் உண்டு.

அவர்கள் பக்கத்திலேயே நின்று செத்த கறுப்புச் சிப்பாய்க்கு? பயனியருக்கு? டோலி தூக்கியவனுக்கு?

நம் சிப்பாய்களின் தனித்தனிப் பணிக்குறிப்புகள் பெரும்பாலும் லண்டனுக்குப் போகவே இல்லை. அந்தந்தப் படைப்பிரிவின் அலுவலகத்தில் கிடந்தன. படைப்பிரிவு கலைந்தபோது காகிதமும் கலைந்தது. மெட்ராஸ் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். டபிள்யூ.ஜே. வில்சன் எழுதிய மெட்ராஸ் ராணுவ வரலாறு ஐந்து தொகுதி. வைபார்ட் எழுதிய மெட்ராஸ் எஞ்சினியர், பயனியர் படை வரலாறு இரண்டு தொகுதி. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, எடுத்துப் படியுங்கள். அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்பு பக்கம் பக்கமாக வரும். மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள்.

செத்த பிறகும் இதே கதைதான். இராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. வெள்ளைச் சிப்பாய்களின் பெயரைச் செதுக்கினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகப் போட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் தன் அறிக்கையில் ஒத்துக்கொண்டது: முதல் உலகப்போரில் செத்த ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள் உள்ளிட்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரில்லாமலோ நினைவே செய்யப்படாமலோ விடப்பட்டார்கள்.

மெடலிலும் பாகுபாடு காட்டினார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி மெடல். மண்வெட்டி பிடித்த தொழிலாளர் படைக்காரனுக்கு அதே அச்சில் வெண்கலம். உங்கள் வீட்டில் இருப்பது வெண்கலம் என்றால் வெட்கப்படாதீர்கள். துப்பாக்கிக்காரன் நடந்த ரோட்டைப் போட்டவன் உங்கள் தாத்தா.

"தமிழர்" வேறு, "பறையர்" வேறு!

மெட்ராஸ் ராணுவத்தில் நம்மவர்கள் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் பயனியர் படை பின்னாளில் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனது. மைசூர், ஜாவா, பர்மா, சீனா என்று வெள்ளைக்காரன் சண்டை போட்ட இடமெல்லாம் அது போனது. அதில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். இன்றும் பெங்களூரில் அந்தப் படைக்காரர்களைத் "தம்பி" என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுகிறார்கள்.

பிறகு என்ன ஆனது? 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்கும், பிறகு 1893 வரை இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்தார் ராபர்ட்ஸ் பிரபு. தெற்கத்திச் சிப்பாய்க்குப் போர்க்குணம் போய்விட்டது, நீண்ட அமைதியில் மென்மையாகிவிட்டான் என்பது அவருடைய முடிவு. பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும் வீர இனம், மற்றவன் வெறும் ஆள். இதற்குப் பெயர் "போர் இனக் கோட்பாடு". மனுதர்மம் படித்தவனுக்கு இது புதிதாக இருக்காது. பிறப்பை வைத்து வீரத்தை அளக்கிற அதே தராசுதான், வெள்ளைக்காரன் கையிலும் இருந்தது. 1892இல் மஹார்களைச் சேர்ப்பது நின்றது. தெற்கே மெட்ராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

1914 வாக்கில் மெட்ராஸ் காலாட்படைக்கு ஆள் எடுத்த பிரிவுகளைப் பாருங்கள். மெட்ராஸ் முஸ்லிம்கள் ஒரு பிரிவு. தமிழர்கள் ஒரு பிரிவு. பறையர்களும் கிறித்தவர்களும் இன்னொரு பிரிவு. அதாவது ராணுவக் கணக்கில் பறையர் தமிழரில் சேர்த்தி இல்லை! ஊர் வேறு சேரி வேறு என்று நம் கிராமத்தில் போட்ட கோட்டை லண்டன்காரன் அப்படியே பார்த்து எழுதிவிட்டான். "ஆண்ட தமிழினம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பிரிவினைக்கு எந்தக் காலத்தில் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

"கம்பெனிக்கு வேலை பார்த்த துரோகிகள்"

பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றிப் பேசினால் அடுத்து வருகிற வசை இது. இதற்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்லவேண்டும்.

ஆமாம், கம்பெனிப் படையில் நம்மவர்கள் இருந்தார்கள். 1801இல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட்டதே பயனியர்களை வைத்துத்தான். வெள்ளைக்காரன் பீரங்கியை இழுத்துவர நம் கைகள் வேலை செய்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு வெறும் பெருமை பேசினால் அது வரலாறு ஆகாது.

ஆனால் கேட்கிறவன் யார்? எட்டயபுரம் ஜமீன் கம்பெனியோடு நின்றது. கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். கம்பெனிக்குக் கணக்கு எழுதியவர்கள், துபாஷ் வேலை பார்த்தவர்கள், வரி வசூலித்துக் கொடுத்தவர்கள் எந்தெந்தச் சாதி என்று ஆவணம் சொல்லும். அவர்களுக்கு நிலம் கிடைத்தது, பட்டம் கிடைத்தது, அரண்மனை நிலைத்தது. அவர்களுடைய வாரிசுகளைப் பார்த்து யாரும் துரோகி என்று சொல்வதில்லை. மாதச் சம்பளத்துக்கு மண் வெட்டப் போனவன் மட்டும் துரோகியா?

அவன் ஏன் போனான் என்பதையும் கேளுங்கள். தாமிரபரணிப் பாசனத்து நஞ்சையில் பள்ளரும் பறையரும் மிராசுதாரின் அடிமையாக, படியாளாக, நிலத்தோடு சேர்த்துக் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று சொல்லவே 1843 ஆனது. அந்த வயலிலிருந்து வெளியே போக இருந்த வழிகளில் ஒன்று பட்டாளம். கையில் காசாகச் சம்பளம், காலில் செருப்பு, பிள்ளைக்குப் படிப்பு. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், பட்டாளப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பாபாசாகேப் பிறந்தது மஹூ ராணுவக் குடியிருப்பில். இமானுவேல் சேகரனும் 1945இல் ராணுவத்தில் சேர்ந்தவர்தான். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனவர், பிறகு பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வந்து 1957இல் பரமக்குடியில் கொல்லப்படும்வரை சாதியோடு சண்டை போட்டார். இவரை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

கம்பெனிக்கு எதிர்ப்பக்கத்திலும் நம்மவர்கள் நின்றார்கள். நெற்கட்டும்செவலில் ஒண்டிவீரன். பாஞ்சாலங்குறிச்சியில் கவர்னகிரி சுந்தரலிங்கம். இவர்களை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது அரசாங்கக் காகிதமா? கதையும் கும்மியும் ஊர்க் கோயிலும் கிழவிகளின் வாயும்தான். காகிதம் இல்லாததால் "ஆதாரம் எங்கே" என்று கேட்டார்கள். ஆதாரத்தையும் மீறி ஒரு பெயர் வெளியே வந்தபோது என்ன நடந்தது? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு பள்ளனின் பெயரைத் தாங்கமுடியாமல் ஒரு மாநிலமே பெயர்ப்பலகையைக் கழற்றியது!

பெயர் என்றால் சும்மா இல்லை தோழர்களே.

காகிதத்தை எரிப்பவனுக்கு அதன் மதிப்பு தெரியும்

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். போலீஸ் ஊருக்குள் புகுந்து டிவியை உடைத்தது, தானியத்தைப் பாழாக்கியது. அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்தது. வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் தலைநிமிர்ந்த ஊர் அது. எதை அழித்தால் அந்த ஊர் மறுபடி குனியும் என்று தெரிந்துதான் காகிதத்தைத் தேடி அழித்தார்கள்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம், கொக்கிரகுளம், தாமிரபரணி. 17 உயிர். அந்தச் சாவுகளை அரசுக் காகிதம் எந்தச் சொல்லில் எழுதியது, ஆற்றங்கரையில் நின்றவர்கள் எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்பதை நம் தலைமுறை கண்ணெதிரே பார்த்தது. இன்று நாம் எழுதி வைக்காவிட்டால், நூறு வருஷம் கழித்து ஆவணக் காப்பகத்தில் இருக்கப்போவது அவர்கள் எழுதியது மட்டும்தான்.

அதனால்தான் சொல்கிறேன், பூட்டனைத் தேடுவது பொழுதுபோக்கு இல்லை. 1892இன் பஞ்சமி நிலத்துக்காக 'அ' பதிவேட்டைப் புரட்டிய அதே கைகள் இந்த வேலையையும் செய்யவேண்டும்.

எங்கே தொடங்குவது?

முதலில் வீடு. மெடல் இருந்தால் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கேதான் இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், சீருடைப் போட்டோ இருந்தால் படம் பிடித்து மூன்று இடத்தில் வையுங்கள். ஆச்சியையும் தாத்தாவையும் உட்காரவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். "எந்த ஊர்ல இருந்தாவ, எந்தக் கப்பல்ல போனாவ, கூட யார் போனா" என்று கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் இந்த ஆவணமும் போய்விடும்.

இரண்டாவது, ஆலயம். கிறித்தவக் குடும்பம் என்றால் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் தகப்பன் பெயரைப் பின்தொடருங்கள். இந்தப் பக்கத்துச் சபைகள் பல தலைமுறைகளாகப் பதிவு வைத்திருக்கின்றன.

மூன்றாவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரண்டாம் உலகப்போர்த் தலைமுறைக்கு இங்கே தடயம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாயால் கேட்டுத் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நான்காவது, எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ராணுவத் துறை ஆவணங்களும் பழைய திருநெல்வேலி மாவட்ட ஆவணங்களும் அங்கே உண்டு. தேடும்போது திருநெல்வேலியைத் "தின்னவேலி" என்றும் பாளையங்கோட்டையைப் "பாளம்கோட்டா" என்றும் அவன் எழுதியபடியே தேடவேண்டும். "சிப்பந்தி" என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று ஹோட்டல் வேலையாளைச் சொல்கிறோம். அன்று வரி வசூலுக்கும் காவலுக்கும் வைத்திருந்த கூலிப்படைக்கு அதுதான் பெயர். நம் ஊர் மிலிஷியா அதுதான்.

ஐந்தாவது, கடல் கடந்த காகிதம். முதல் கப்பல் ட்ரூரோ மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,000 சொச்சம் பேரின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. கரும்புத் தோட்டத்து முதலாளிக்கு ஓடிப்போனவனைப் பிடிக்க அடையாளம் தேவைப்பட்டது, அதனால் எழுதினான். அவன் காரணம் அவனுக்கு. நமக்குத் தேவை அந்தப் பெயர்.

நாம் கேட்க வேண்டியது

பஞ்சாபைப் பாருங்கள். முதல் உலகப்போருக்குப் போன 3,20,000 பஞ்சாபிகளின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறு வருஷம் தூங்கிக்கிடந்தன. ஓர் அமைப்பும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கி, 2021இல் செய்தி வெளியானது. இன்று பஞ்சாபி ஒருவன் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தாத்தாவைத் தேடுகிறான். பஞ்சாபியால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

தமிழக அரசிடம் கேட்போம்: ராணுவத் துறை ஆவணங்களையும் பழைய மாவட்ட ஆவணங்களையும் எண்மயமாக்கி இலவசமாகத் திறந்துவிடு. திருநெல்வேலி ஆவணங்களின் பிரதி திருநெல்வேலியில் இருக்கட்டும். ஒரு கூலித் தொழிலாளியின் மகள் எழும்பூருக்கு ரயில் ஏறி, விடுதியில் தங்கி, தன் பூட்டனைப் பார்த்துவிட்டு வரவேண்டிய நிலை மாறவேண்டும். ஒன்றிய அரசிடம் கேட்போம்: படைப்பிரிவுகளில் மிச்சமிருக்கிற பழைய பதிவேடுகளைப் பொதுவில் வை. போர்க் கல்லறை ஆணையத்திடம் கேட்போம்: விட்டுப்போனவர்களைத் தேடும்போது மெட்ராஸ் தொழிலாளர்களையும் பயனியர்களையும் மறக்காதே.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டன் பெயர் கிடைத்தவுடன் டிஜிட்டல் பேனரில் வாளையும் சிங்கத்தையும் போட்டு "நாங்களும் ஆண்ட பரம்பரை" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த நோய் நமக்கு வேண்டாம். ஆண்டவன் பரம்பரைக்குத்தான் மரியாதை என்று ஒத்துக்கொண்ட நொடியிலேயே, ஆளாதவனை மிதிக்கலாம் என்றும் ஒத்துக்கொண்டு விடுகிறோம். நம் பூட்டன் ஆளவில்லை. மண் வெட்டினான், டோலி தூக்கினான், சுடச்சொன்ன இடத்தில் சுட்டான், சிலசமயம் சுடக்கூடாதவர்களையும் சுட்டான். சம்பளத்தைச் சேர்த்துவைத்து மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். நாம் தேடுவது இந்த மனிதனை. ராஜாவை இல்லை.

பீமா கோரேகான் தூணில் 1818இல் செத்த மஹார் வீரர்களின் பெயர் செதுக்கியிருந்தது. அதனால்தான் 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நிற்க முடிந்தது. நமக்கு அப்படி ஒரு தூண் இல்லை. டீக்கடையில் அந்தத் தம்பி அவிழ்த்துக் காட்டிய கைக்குட்டை முடிச்சு இருக்கிறது. அதுபோல இன்னும் எத்தனை டிரங்குப் பெட்டிகளில் எத்தனை பெயர்கள் கிடக்கின்றனவோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் ஆச்சியிடம் கேளுங்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கிடைப்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வாசிப்பு வட்டத்தில் புத்தகம் வேண்டாம். நாம் கொண்டுவருகிற பெயர்களை வாசிப்போம்.

ஜெய்பீம்.